பட்டக் கடனைக் கட்டுவது யார், எப்போது?

பல்கலைக்கழகப் படிப்புக்காக வாங்கிய கடனைப் பட்டதாரி எந்த வருமானத்திலிருந்து, எத்தனை வருடங்களில், எந்தக் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும்? பொருளியலாளர்களும் அரசாங்கங்களும் மாணவர் இயக்கங்களும் எழுபது வருடங்களாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். இலங்கைக்கு இந்தக் கேள்வி பிந்தித்தான் வந்தது. அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லாத நாட்டில், பட்டம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் தவணை கட்டுவது மேல்நாட்டுக்காரர்களின் தொல்லையாகவே நெடுங்காலம் பார்க்கப்பட்டது. 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் வந்ததும் அந்தத் தூரம் குறைந்தது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க அரசு இந்தக் கடனை வங்கி மூலம் தருகிறது. தொடக்க வருடங்களில் உச்சவரம்பு 8 இலட்சம் ரூபா. வட்டியை வங்கிக்கு அரசு கட்டும். படிப்பு முடிந்து ஒரு வருட அவகாசத்துக்குப் பிறகு மாதத் தவணை தொடங்கும்.

இந்த விடைகளைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் நின்று பார்ப்பதில் ஒரு பயன் இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் பள்ளிவாசல்துறை போன்ற ஊர்களின் வருமானம் மீன்பிடி, மணல் நிலத் தோட்டம், வெளிநாட்டு உழைப்பு என்று பிரிந்து கிடக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரை மனதில் வைத்தே பெரும்பாலான கடன் திட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. அந்த ஒருவர் அரிதாக உள்ள இடத்தில் ஒவ்வொரு திட்டத்தின் விரிசலும் சீக்கிரம் கண்ணில் படுகிறது.

கடனே வேண்டாம் என்ற விடை

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விசேட கல்விக் குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லலித் அத்துலத்முதலி அமைத்த மஹாபொல நிதியம் இதற்கு மேல் மாதாந்த உதவித்தொகையும் சேர்த்தது. மஹாபொல திருப்பிக் கொடுக்க வேண்டியதல்ல. இந்த நிலைப்பாட்டின் வாதம் எளிது: பட்டதாரியால் சமூகம் பயனடைகிறது, பட்டதாரி பின்னாளில் வரி கட்டுகிறார், வேறு கடன் எதற்கு? 1980களில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரிக்கும், பின்னர் மாலபேயின் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரிக்கும் எதிராக எழுந்த மாணவர் போராட்டங்களும், தேசிய உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்ற 2012ஆம் ஆண்டு விரிவுரையாளர் வேலைநிறுத்தமும் இந்த மரபில் வந்தவை.

இதன் பலவீனம் வாசலில் இருக்கிறது. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. 40 சதவீதம் தேசியத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற பங்கீட்டில், புத்தளம் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது. அந்தச் சலுகை சிலருக்குக் கை கொடுக்கிறது. ஆனால் வெட்டுப்புள்ளியைச் சில தசமங்களால் தவறவிட்ட மாணவிக்கு இலவசக் கல்வி அந்த நாளோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போனவருக்கு முழுச் செலவும் பொதுப்பணம், வெளியே நின்றவருக்கு முழுச் செலவும் குடும்பத்தின் கையில். வெளியே நிற்பவருக்கான மருந்தாகத்தான் 2017இன் கடன் வந்தது. இலவசக் கல்வியை ஆதரிப்போர் இதைத் தனியார்மயத்துக்கான பின்கதவு என்று குற்றம் சாட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் நால்வரில் மூவருக்கு அவர்கள் வேறு வழி எதையும் காட்டவில்லை என்ற எதிர்க்கேள்வியும் அப்படியே நிற்கிறது. இந்த விவாதம் உலகில் ஒரே திசையில் ஓடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். 2005இல் அரச உத்தரவாதக் கடனைக் கொண்டுவந்த சிலி, 2011இன் மாணவர் எழுச்சிக்குப் பின், 2016இல் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு இலவசப் படிப்பை நோக்கித் திரும்பியது.

மாதத் தவணை என்ற விடை

மில்டன் ஃபிரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரை ஒன்று சந்தைவாதிகளின் தொடக்கப் புள்ளி. வீட்டுக்குக் கடன் கொடுத்தவர் வீட்டைப் பிடித்துக்கொள்ளலாம், மனிதனின் படிப்பைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆகவே வங்கிகள் கல்விக்குத் தேவையான அளவு கடன் கொடுக்கமாட்டா என்பது அவர் கண்ட சிக்கல். அவர் சொன்ன தீர்வு மாதத் தவணையல்ல; மாணவரின் எதிர்கால வருமானத்தில் ஒரு பங்கு. நடைமுறையில் பல நாடுகள் அவர் சொன்ன சிக்கலை எடுத்துக்கொண்டு தீர்வை விட்டுவிட்டன. அரசு உத்தரவாதம் கொடுத்து வங்கி கடன் தரும் முறையே பரவியது.

1980களில் உலக வங்கி, ஜோர்ஜ் சாகரோபூலோஸ் போன்றோரின் ஆய்வுகளைத் துணைகொண்டு, வளரும் நாடுகளில் செலவை மாணவரிடம் மீட்கும் கொள்கையை ஊக்கியது. அதே நிறுவனத்துக்காக டக்ளஸ் அல்பிரெக்டும் ஏட்ரியன் சீடர்மனும் 1991இல் செய்த மதிப்பீடு அவ்வளவு உற்சாகமாக இல்லை. மானியம், தவறிய தவணை, நிர்வாகச் செலவு எல்லாவற்றையும் கழித்தால் பல நாடுகளில் கொடுத்த பணத்தில் சிறு பகுதிதான் திரும்பி வந்தது. கென்யா 1974இல் தொடங்கிய கடனைப் பெற்றவர்களில் பலர் அதை அன்பளிப்பாகவே கருதினார்கள். 1995இல் தனிச் சட்டமும் சபையும் அமைத்த பிறகே அறவீடு ஓரளவு சீரானது. கானாவில் 1971இல் வந்த திட்டம் மறுவருடத்து இராணுவப் புரட்சியோடு போய்விட்டது.

நம் அயலில் தமிழ்நாடு இந்த முறையின் முழு வரலாற்றையும் சுமக்கிறது. 2001இன் மாதிரித் திட்டத்துக்குப் பின் இந்தியாவின் கல்விக் கடன் வரைபடத்தில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்து வருகிறது. தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகிய அதே காலம் அது. 4 இலட்சம் வரை பிணை இல்லை. படிப்பும் ஒரு வருடமும் அவகாசம், ஆனால் வட்டி அப்போதும் ஏறும். முதல் தலைமுறைப் பட்டதாரி ஆயிரக்கணக்கில் வெளியே வந்தபோது எதிர்பார்த்த சம்பளம் வேலைச் சந்தையில் இல்லை. வங்கி வாராக்கடன்களைச் சொத்து மீட்பு நிறுவனங்களுக்கு விற்றதும், வசூல்காரர் வீட்டு வாசலில் நின்றதும் 2016 அளவில் தமிழகத்தில் அரசியல் பிரச்சினையாயின.

இலங்கைத் திட்டத்தில் வட்டி இல்லை என்பது பெரிய வித்தியாசம். தவணை என்ற அமைப்பு மட்டும் அதேதான். 8 இலட்சத்தை எட்டு வருடத்தில் கட்டுவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் மாதம் 8,333 ரூபா வரும். கொழும்பில் கணினித் துறையில் உள்ளவருக்கு இது சுமக்கக்கூடிய தொகை. கற்பிட்டிப் பக்கம் திரும்பி வந்து தனியார் பாடசாலையிலோ உல்லாசப் பயண விடுதியிலோ வேலை பார்ப்பவருக்கு அப்படியல்ல. வேலை இல்லாதவருக்காகத் தகப்பனோ அண்ணனோதான் கட்டுவார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடலுக்கு வள்ளம் இறங்குவது குறையும், வங்கியின் தேதி மாறாது. பொதுவாகப் பெற்றோரோ பாதுகாவலரோதான் பிணை நிற்கிறார்கள். தவணை தவறினால் கடன் தகவல் பணியகத்தில், சனங்கள் சொல்கிற மாதிரி ‘கிரிப்பில’, பெயர் விழும். அப்போது அடுத்த வள்ள எஞ்சினுக்கான லோனும் சிக்கலாகலாம். ஆக, ஏட்டில் மாணவரின் கடனாக இருப்பது நடைமுறையில் ஒரு வீட்டின் கடன்.

வருமானம் வரும்போது எடுப்பது

மூன்றாவது விடை இன்று கல்விப் பொருளியலாளர்களிடம் அதிக மரியாதை பெற்றது. அவுஸ்திரேலியா 1989இல் கொண்டுவந்த முறை இது. அதன் வடிவமைப்பில் புரூஸ் சப்மனின் பங்கு முக்கியம். பட்டதாரியின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டும்வரை ஒன்றும் கட்டத் தேவையில்லை. தாண்டினால் வரித் திணைக்களம் சம்பளத்திலிருந்தே கழிக்கும். வேலை போனால் கழிவும் நிற்கும். இங்கிலாந்தும் 1998க்குப் பின் இதே பாதையில் நடந்தது. 2012இல் கட்டணம் 9,000 பவுண் வரை உயர்ந்தபோது, வரம்புக்கு மேலுள்ள வருமானத்தில் 9 சதவீதம், 30 வருடத்துக்குப் பின் மீதி அழிப்பு என்று வைத்தார்கள். அந்தத் தொகுதிகளில் முழுக் கடனையும் அடைப்போர் பாதிக்குக் குறைவாகவே இருப்பார்கள் என்று அரசின் சொந்த மதிப்பீடுகளே காட்டின. 2023இலிருந்து சேர்ந்தவர்களுக்கு வரம்பைக் குறைத்துக் காலத்தை 40 வருடமாக நீட்டினார்கள். ஓய்வூதிய வயதை எட்டிப்பிடிக்கும் கல்விக் கடன்!

இதன் முன்னோடிகளில் ஒன்று பாடமாக நிற்கிறது. 1971இல் யேல் பல்கலைக்கழகம், ஒவ்வொரு 1,000 டொலர் கடனுக்கும் வருமானத்தில் 0.4 சதவீதம் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு வருடத்துத் தொகுதி முழுவதன் கடனும் தீரும்வரை எல்லோரும் கட்ட வேண்டும். அதிகம் உழைத்தவர்கள் மொத்தமாகக் கட்டி விலகினார்கள், சிலர் கட்டாமலே விட்டார்கள், ஒழுங்காகக் கட்டிய நடுத்தரத்தினரின் தலையில் மற்றவர் பங்கும் ஏறியது. 1978இல் திட்டம் மூடப்பட்டது. இழப்பை அரசு ஏற்காமல் மாணவர்களுக்குள்ளேயே பங்கிட்டால் என்ன ஆகும் என்பதை இது காட்டியது.

வருமானத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது கரையோரத்துக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். சம்மாட்டியிடமோ மீன் முதலாளியிடமோ முற்பணம் வாங்கிய மீனவர் அதைப் பிடிபாட்டிலிருந்து கழிக்கிறார். மீன் படாத நாளில் கழிவும் பெரும்பாலும் இல்லை. கான்பெராவின் வரித் திணைக்களம் செய்வதும் தத்துவத்தில் இதுவே. ஆனால் சம்மாட்டி இந்தப் பொறுமைக்கு விலை எடுக்கிறார்: மீனை அவருக்கே, பெரும்பாலும் சந்தையை விடக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும், கடன் தீரும்வரை வேறு இடம் போக முடியாது. ஏற்ற இறக்கத்தை ஏற்கும் கடன் கொடுத்தவர் அதற்கான கூலியை எங்காவது வாங்கிக்கொள்வார். அரசு ஏற்றால் அந்தக் கூலி வரி செலுத்துவோர் மீது விழுகிறது.

இலங்கையில் இந்த முறையை நடத்த முடியுமா என்பதே பெரிய தடை. வருமானத்தைப் பார்த்து அறவிட, வருமானம் தெரிய வேண்டும். 2023 தொடக்கத்தில் வருமான வரி வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து தொடங்கியது, 2025 ஏப்ரலில் அது 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. புதிய பட்டதாரிகளில் பலர் இதற்குக் கீழே நிற்பார்கள், ஆகவே வரித் திணைக்களத்தின் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். 18 வயதைத் தாண்டியவர் எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று 2024இல் வந்த விதி ஒரு படி. ஆனால் இலக்கம் இருப்பதாலேயே வருமானம் பதிவாகிவிடாது. கானா 1988இல் வேறொரு வழியைச் சோதித்தது: கடனாளியின் சமூகப் பாதுகாப்புச் சந்தாவை முதலில் கடனுக்குக் கழித்தார்கள். நம்மிடம் ஊழியர் சேமலாப நிதி 1958இலிருந்து இருக்கிறது. தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் மாதந்தோறும் அங்கே போகின்றன. அறவிட வசதியான இடம்தான். ஆனால் முதுமைக்கான பணத்தை இளமையின் கடனுக்கு எடுப்பது கடனைத் தீர்ப்பதா, தள்ளிப்போடுவதா என்பதில் கானாவின் அனுபவமே நம்பிக்கை தரவில்லை. சுயதொழில் செய்பவரும் மீனவரும் இந்த வலையிலும் அகப்படமாட்டார்கள்.

வட்டி என்ற தனி வழக்கு

வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதால் முஸ்லிம் ஊர்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு தளம் இருக்கிறது. ஆராய்ச்சிகளில் ஓரத்தில் வைக்கப்படும் இது கடலோரத்தில் நடுவில் நிற்கிறது. பிரிட்டன் முஸ்லிம் மாணவர்களுக்கு வட்டியற்ற மாற்றுத் திட்டம் தருவதாகப் பத்து வருடங்களுக்கும் மேலாகச் சொல்லி வருகிறது. 2017இன் உயர்கல்விச் சட்டம் அதற்கு அதிகாரமும் கொடுத்தது, திட்டம் மட்டும் வரவில்லை. மலேசியா 1997இல் அமைத்த தேசியக் கடன் நிதியம், பின்னர் வட்டிக்குப் பதிலாக 1 சதவீதச் சேவைக் கூலியை வைத்துக் கடன்களை மாற்றியமைத்தது.

இந்த ஒப்பீட்டில் இலங்கைத் திட்டம் நல்ல இடத்தில் இருக்கிறது. மாணவர் வாங்கிய தொகையையே திருப்புகிறார். அரசு வங்கிக்கு வட்டி கட்டுகிறதே, அந்த ஒப்பந்தத்தில் மாணவருக்குப் பங்கு உண்டா என்று கேட்க இடம் இருக்கிறது. கடனாளியின் பக்கத்தில் மேலதிகம் இல்லை என்பதை வைத்துப் பலர் அமைதி கொள்வார்கள்.

உண்மையான நெருடல் பணவீக்கத்தில் இருக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய இஸ்லாமியச் சட்டவியல் சபை, கடன் எந்த நாணயத்தில் எவ்வளவு வாங்கப்பட்டதோ அவ்வளவே திருப்பப்பட வேண்டும், அதன் பெறுமதிக்கு ஈடுகட்டக்கூடாது என்று தீர்மானித்தது. அவுஸ்திரேலியா எதிர்த்திசையில் போகிறது: வட்டி இல்லை, ஆனால் விலைவாசியோடு கடனும் ஏறும். 2023இல் அந்த ஏற்றம் 7.1 சதவீதமாக வந்தபோது பட்டதாரிகள் கொதித்தார்கள். 2025இல் எல்லோருடைய நிலுவையிலும் 20 சதவீதத்தை அரசு வெட்ட நேர்ந்தது. இலங்கைக் கடனில் இந்த ஏற்றம் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்தது. நெருக்கடி தணிந்தபோது விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகி இருந்தது. அதற்கு முன் கடன் வாங்கியவரின் 8 இலட்சம் பண்டங்களின் கணக்கில் பாதியாகச் சுருங்கியது. நாடு தன் வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்திய காலத்தில், முதல் தொகுதிகளின் கடனைப் பணவீக்கம் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்தது என்று சொல்லலாம். சம்பளம் அதே அளவுக்கு ஏறாத வீடுகளில் இந்த நிவாரணம் ஏட்டில் தெரிந்த அளவுக்குக் கையில் தெரிந்திராது. புதிதாகச் சேர்பவருக்கு நிலைமை தலைகீழ்: கட்டணங்கள் ஏற ஏற, உச்சவரம்பு அதோடு உயராவிட்டால் மீதியை நகை அடகிலும் சீட்டிலும் தேட வேண்டும், அடகில் வட்டி இருக்கிறது. மாலபேயிலோ ஹோமாகமவிலோ உள்ள வளாகத்துக்குக் கற்பிட்டியிலிருந்து போகிறவருக்கு விடுதிச் செலவும் கூட.

அழித்துவிடலாமே

தள்ளுபடி பழைய கோரிக்கை. 2014 பெப்ரவரியில் இந்திய நிதியமைச்சர் ப. சிதம்பரம், 2009 மார்ச்சுக்கு முன் வாங்கப்பட்ட கல்விக் கடன்களின் நிலுவை வட்டியை அரசு ஏற்கும் என்றார். ஏறக்குறைய 9 இலட்சம் பேருக்கு 2,600 கோடி ரூபா நிவாரணம் என்பது அவர் சொன்ன கணக்கு. 2021இல் தி.மு.க. தேர்தல் அறிக்கையில் தள்ளுபடி இடம்பெற்றது. கடனின் பெரும்பகுதி தேசிய வங்கிகளுடையதாக இருக்கையில் மாநில அரசின் கை எவ்வளவு நீளும் என்பது அப்போதே கேட்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜோ பைடன் 2022இல் அறிவித்த 10,000 முதல் 20,000 டொலர் வரையிலான தள்ளுபடியை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

எதிர்வாதங்கள் தெரிந்தவையே: சிரமப்பட்டுக் கட்டி முடித்தவருக்கு என்ன பதில், அடுத்தவர் ஏன் கட்டுவார்? இவற்றை விடக் கனமானது வேறொன்று. பள்ளிவாசல்துறையில் உயர்தரத்தோடு நின்று கடலுக்குப் போனவரும் விலை வழியாக வரி கட்டுகிறார். பட்டதாரியின் கடனை அழித்தால் அவரும் அதில் பங்கு கட்டுகிறார்.

விமானம் ஏறிய கடனாளி

கட்டாருக்கோ சவூதிக்கோ போன பட்டதாரியை எந்த முறையும் எளிதில் தொடுவதில்லை. நியூசிலாந்து 2006இலிருந்து உள்நாட்டில் இருப்போருக்கு வட்டியை நீக்கியது, வெளிநாட்டில் இருப்போருக்கு வைத்தது. 2016இல் நிலுவைக்காரர் ஒருவரை விமான நிலையத்திலேயே கைது செய்தது. மலேசியா கட்டாதவர்களை நாட்டை விட்டுப் போகவிடாமல் தடுத்து, 2018இன் ஆட்சி மாற்றத்தோடு அந்தத் தடையை விலக்கியது. புத்தளம் கரையோரத்தில் வெளிநாட்டு உழைப்பே பல வீடுகளின் கடனைத் தீர்க்கும் வழி. கடன் கட்டவில்லை என்று பயணத்தைத் தடுத்தால் கடன் கட்டும் வழியும் அடைபடும். அதே நேரம் வருமானத்தின் அடிப்படையில் அறவிடும் முறையில் வெளிநாட்டுச் சம்பளம் எளிதில் கணக்கில் வராது, ஊரில் குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியராக நின்றவர்தான் கட்டிக்கொண்டிருப்பார். வங்கித் தவணை இந்த ஓர் இடத்தில் நேர்மையானது: எங்கிருந்து அனுப்பினாலும் பணம் பணம்தான்.

இன்னும் தீராதவை

மேலே பார்த்த விடைகளில் எதையும் முழுதாகத் தள்ள முடியவில்லை, முழுதாக ஏற்கவும் முடியவில்லை. இலங்கைத் திட்டம் வட்டியைத் தீர்த்து, காலத்தைத் தீர்க்காமல் விட்டது என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. நிலையான தவணையை வைத்துக்கொண்டே, வேலையில்லாத மாதங்களுக்கும் கடல் கொந்தளிக்கும் பருவத்துக்கும் தவணையை ஒத்திவைக்கும் உரிமையைச் சேர்ப்பது, அவுஸ்திரேலிய முறையை அப்படியே இறக்குமதி செய்வதை விட இங்கே நடக்கக்கூடியது போலத் தெரிகிறது. அந்த ஒத்திவைப்பின் வட்டிச் செலவு அரசின் மீது விழும். வரவுசெலவுத் திட்டம் சர்வதேச நாணய நிதியத்தின் கண்காணிப்பில் இருக்கும் வருடங்களில் அதற்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. ஊர்ப் பள்ளிவாசல்களின் பைத்துஸ் ஸகாத் (ஸகாத் நிதி), கர்ழ் ஹஸன் (வட்டியில்லாக் கடன்) போன்ற ஏற்பாடுகள் ஒரு தவணை தவறிய வீட்டைத் தாங்கலாம். கடனாளியைச் சேரும் ஸகாத் பங்கு கல்விக் கடனுக்கும் பொருந்துமா என்பதை ஊர் உலமாக்கள்தான் சொல்ல வேண்டும்.

பெண்களின் கணக்கு எந்தத் தரப்பின் ஆய்விலும் போதிய இடம் பெறவில்லை. இலங்கையில் பல்கலைக்கழகம் போவோரில் பெண்களே அதிகம். ஆனால் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. திருமணத்துக்குப் பின் வேலையை விட்டவரின் கடன், அவுஸ்திரேலிய முறையில் உறங்கும். இங்கே மாதா மாதம் விழும். பிணைக் கையெழுத்து பிறந்த வீட்டினுடையது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடமை என்று கருதப்படும் கரையோரக் குடும்பத்தில் படிப்புக் கடனும் வீட்டுச் செலவும் ஒரே கையிலிருந்து ஒரே வருடங்களில் போக வேண்டியிருக்கும். அந்த நெருக்கடி அடுத்த மகளின் விண்ணப்பத்தைத் தடுக்கிறதா என்பதை, முதல் தொகுதிகளின் திருப்பிச் செலுத்தல் விவரத்தை மாவட்டவாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் வங்கிகள் வெளியிட்டால் அறிய முடியும்.